‘சார், ஒரு சின்ன விஷயம்...’

2006ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய டியர்பார்னில் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் தலைமை அலுவலகம். வியாழக்கிழமை காலைக் கூட்டம். உயர் அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பிரிவின் நிலவரத்தை அட்டவணையாகக் காட்ட வேண்டும். திட்டப்படி நடந்தால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. போயிங் விமானக் கம்பெனியிலிருந்து செப்டம்பரில் வந்து சேர்ந்திருந்த தலைமை நிர்வாகி ஆலன் முலாலி வகுத்த முறை அது. வாரந்தோறும் கூட்டம் நடந்தது. வாரந்தோறும் அட்டவணைகள் பச்சைப் பசேலென்று நாற்றங்கால் மாதிரி இருந்தன. அந்த ஆண்டு ஃபோர்டின் நட்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்போமே, அதை வண்ணப் பென்சிலால் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் முலாலி கேட்டேவிட்டார்: இந்த ஆண்டு இத்தனை நூறு கோடி கையைவிட்டுப் போகப்போகிறது, சரியாக நடக்காத காரியம் ஒன்றுகூடவா நம்மிடம் இல்லை? பதில் இல்லை.

சில நாள் கழித்து மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்பு அட்டவணையோடு வந்தார். அமெரிக்கக் கண்டத்து வணிகம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. கனடாவின் ஓக்வில் ஆலையில் ‘எட்ஜ்’ என்ற புதிய வண்டி வெளிவரத் தயாராக நின்ற நேரம். பின்கதவைத் தூக்கும் அமைப்பில் கோளாறு, காரணம் பிடிபடவில்லை, வண்டியை வெளியே விடாமல் நிறுத்திவைத்திருக்கிறேன் என்றார். அறை உறைந்துபோனது. தலைமைப் பதவிக்குத் தாமே வரலாம் என்று எதிர்பார்த்திருந்த மனிதர்களில் ஒருவர் ஃபீல்ட்ஸ். இன்றோடு இவர் கதை முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

முலாலி கைதட்டினார். நிலைமை இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று பாராட்டிவிட்டு, இவருக்கு யாரால் உதவ முடியும் என்று மேசையைப் பார்த்துக் கேட்டார். இதே மாதிரிக் கோளாறை வேறொரு வண்டியில் பார்த்திருக்கிறேன், விவரம் அனுப்புகிறேன் என்றார் ஒருவர். என் பொறியாளர்களை உடனே அனுப்புகிறேன் என்றார் இன்னொருவர். சில நொடிகளில் முடிந்துபோன பேச்சு இது. ஆனாலும் அடுத்த வாரமே எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. ஃபீல்ட்ஸ் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே, மற்ற அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப்பார்த்தன.

கடைசி விவரம்தான் முக்கியம். கைதட்டலுக்கு யாரும் மயங்கவில்லை. முதலில் வாயைத் திறந்தவனுக்கு என்ன ஆனது என்று காத்திருந்து பார்த்தார்கள். எந்த அலுவலகத்திலும் மனிதர்கள் அப்படித்தான்.

ஃபோர்டு பிழைத்ததற்கு இந்த ஒரு காலைப் பொழுதே காரணம் என்று சொன்னால் அது கதையளப்பு. 2006 முடிவதற்குள், பெயர்ச் சின்னமான நீல நீள்வட்டம் உள்பட, சொத்துகளை ஈடுவைத்து ஏறத்தாழ 2,360 கோடி டாலர் கடன் திரட்டியிருந்தார்கள். அதனால் 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008இல் டாடாவுக்கு விற்கப்பட்டன. வோல்வோ 2010இல் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போனது. சிதறிக் கிடந்த பெயர்களைக் கழித்துக்கட்டி ஒரே ஃபோர்டாக ஆவது என்பதுதான் உத்தி. ஆனால் எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க, எது அழுகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். எல்லாம் பச்சையாக இருக்கும் மேசையில் அது தெரியாது.

*

நிர்வாகவியல் பாடநூல்கள் சொல்லும் கதை வேறு. தலைவருக்குத் தொலைநோக்கு இருக்கும், ஒருநாள் மேடையேறி அறிவிப்பார், நிறுவனம் திரும்பும். நடந்த நிகழ்ச்சிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், தலைவர் அறிவித்த செய்தி ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே அதே கட்டடத்தில் யாருக்கோ தெரிந்திருக்கும். சரக்கு வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்த விற்பனையாளருக்கு, கணக்கு ஒட்டாமல் தவித்த கணக்காளருக்கு, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவருக்கு. அந்தச் செய்தி மாடிப்படி ஏற எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதில்தான் நிறுவனத்தின் விதி இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: இடித்துரைத்தல். அரசன் தவறும்போது அமைச்சன் முகத்துக்கு நேரே சொல்வது. வெறுமனே ‘உரைத்தல்’ என்று சொல்லாமல் ‘இடி’ என்று முன்னொட்டியதிலேயே, கேட்பவனுக்கு வலிக்கும் என்பது தெரிகிறது. இன்றைய தமிழ்நாட்டு அலுவலகத்தில் அதன் வடிவம் வேறு. கூட்டத்தில் ‘எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்கு சார்’ என்று சொன்னவரே, கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு கதவோரம் நின்று, ‘சார், ஒரு சின்ன விஷயம்...’ என்று இழுப்பார். அந்தச் சின்ன விஷயம் சின்னதாக இருந்ததே இல்லை. ‘என் கதவு எப்போதும் திறந்திருக்கும்’ என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. கதவு திறந்துதான் இருக்கும், வாசலில் பி.ஏ. உட்கார்ந்திருப்பார்.

*

இன்டெல் கதைக்கு வருவோம். கணினிச் சில்லு என்றாலே இன்று நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. 1968இல் தொடங்கியபோது அதன் தொழில் நினைவகச் சில்லு. 1970இல் அது வெளியிட்ட ‘1103’ உலகமே வாங்கிய சரக்கு. நினைவகம்தான் இன்டெல், இன்டெல்தான் நினைவகம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் நம்பினார்கள். 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் அதே சில்லைக் கூடுதல் தரத்தில், குறைந்த விலையில் கொண்டுவந்து குவித்தன.

1985இன் நடுப்பகுதியில் ஒருநாள், தலைவர் ஆண்டி குரோவ் தம் அறையில் தலைமை நிர்வாகி கோர்டன் மூருடன் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. நம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் முதலில் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியானால் நாமே வெளியே போய், திரும்பி உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். வணிக உலகில் ஆயிரம் முறை சொல்லப்பட்ட காட்சி இது. குரோவே 1996இல் வந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே நூலில் அதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் அதைச் சொல்வதில்லை. இருவரும் அந்த முடிவுக்கு வந்தபோது, இன்டெல்லின் 8 ஆலைகளில் ஒன்றே ஒன்றுதான் நினைவகச் சில்லு செய்துகொண்டிருந்தது. மற்றவற்றை நுண்செயலிப் பக்கம் திருப்பியது யார்? மேலிருந்து உத்தரவு ஏதும் போகவில்லை. உற்பத்தித் திட்டம் போடுபவர்களும் நிதிப் பிரிவினரும் மாதாமாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு சிலிக்கான் வில்லையிலும் எந்தச் சில்லைச் செய்தால் கூடுதல் லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள். நினைவகம் தோற்றது, நுண்செயலி ஜெயித்தது. ஆலையின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தது. மேல்மாடியில் நினைவகமே நம் உயிர் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், கீழே கணக்குப் புத்தகம் அந்த உயிரை ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் பர்கல்மேன் இதை விரிவாக ஆராய்ந்தார். பிற்பாடு குரோவும் அவரும் சேர்ந்தே வகுப்பெடுத்தார்கள்.

அந்தக் கணக்கு ஒரு வகை இடித்துரை. பேச வேண்டியதில்லை, அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வேலை போகும் என்ற பயம் இல்லை. விதியை எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். எண் தன் வேலையைச் செய்தது. துணிச்சல்காரர்களை நம்பி நிறுவனம் நடத்த முடியாது. சாதாரண ஆள் சாதாரண நாளில் உண்மையைச் சொல்ல வழி வேண்டும்.

இன்டெல்லில் வெளிப்படையாகப் பேசும் பழக்கம் இல்லாமல் இல்லை. முகத்துக்கு நேரே மோதிக்கொள்வதை ஒரு நெறியாகவே அங்கே வளர்த்தார்கள். அப்படியும் தாமதமானது. நினைவகத்தை விட்டால் தொழில்நுட்பத்தில் பின்தங்கிவிடுவோம் என்று பொறியாளர்களும், எல்லாச் சரக்கும் கையில் இருந்தால்தான் வாடிக்கையாளர் மதிப்பார் என்று விற்பனையாளர்களும் மனப்பூர்வமாக வாதாடினார்கள். பொய் சொல்லவில்லை, நம்பியதைச் சொன்னார்கள். நம்பிக்கை தவறாக இருந்தது. ஒளிவுமறைவற்ற பேச்சு என்றாலே சரியான பேச்சு என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

குரோவுக்கும் நா எழவில்லை. வெளியூரில் இருந்த மேலாளர்களுடன் ஓர் இரவு விருந்தில், நினைவகம் இல்லாத இன்டெல்லை உங்களால் நினைத்துப்பார்க்க முடிகிறதா என்று நேரடியாகக் கேட்டார்கள். விழுங்கிக்கொண்டு, முடியும் என்றுதான் நினைக்கிறேன் என்றார். விருந்து ரகளையானது. கடைசியில் வாடிக்கையாளர்களிடம் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னபோது அவர்கள் அதிரவில்லை. இதற்கு இவ்வளவு நாளா என்ற தோரணையில் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்கே தெரிந்தது வீட்டுக்காரருக்குக் கடைசியில் தெரிந்தது.

1986இல் இன்டெல்லுக்கு 17 கோடி டாலருக்கு மேல் நட்டம். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1992இல் உலகின் மிகப் பெரிய குறைக்கடத்தி நிறுவனம் அதுதான். அதற்குப் பிறகு ஆப்பிள் ஐபோனுக்குச் சில்லு கேட்டபோது மறுத்ததும் அதே நிறுவனம்தான். ஒப்புக்கொள் என்றுதான் உள்ளுணர்வு சொன்னது, கேட்காமல் விட்டேன் என்று தலைமை நிர்வாகி பால் ஒட்டெலினி 2013இல் பதவி விலகும் நேரத்தில் வெளிப்படையாகவே வருந்தினார். ஒருமுறை கற்ற பாடம் நிறுவனத்தின் ரத்தத்தில் ஊறிவிடும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

*

மைக்ரோசாஃப்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995 மே 26ஆம் தேதி பில் கேட்ஸ், இணையத்தை ஒரு பேரலையாக உருவகித்து உயர் அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். வலையில் பத்து மணி நேரம் உலாவியும் நம் கோப்பு வடிவம் ஒன்றைக்கூடக் காணவில்லையே என்று அதில் புலம்பியிருக்கிறார். இணையத்தின் பக்கம் மைக்ரோசாஃப்ட் திரும்பிய நாளாக அதைச் சொல்வார்கள். ஆனால் ஜே. அலார்டு என்ற 25 வயது ஊழியர் இதையே எழுத்தில் கொடுத்தது 1994 ஜனவரியில், அதாவது 16 மாதம் முன்பு. அடுத்த மாதமே கேட்ஸின் உதவியாளர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி ஆள் எடுக்கக் கார்னெல் பல்கலைக்கழகம் போனார். பனிப்பொழிவால் விமானம் கிளம்பவில்லை. வளாகத்தில் சுற்றியபோது, மாணவர்கள் பாடப் பட்டியலிலிருந்து கடிதம் வரை எல்லாவற்றையும் வலையில் பார்ப்பதைக் கண்டு அங்கிருந்தே மின்னஞ்சல் எழுதினார். இருவருக்கும் எந்தத் தண்டனையும் வரவில்லை. எழுதியது படிக்கவும் பட்டது. கேட்ஸின் பெருமை, எல்லோருக்கும் முன்னால் பார்த்தார் என்பதல்ல. முன்னால் பார்த்தவர்களின் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை.

அந்தக் குறிப்புக்கு இன்னொரு முடிவும் உண்டு. ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது 1998இல் வழக்குப் போட்டபோது, அதே குறிப்பு சான்றாவணமாக நீதிமன்றத்துக்கு வந்தது. ‘எழுத்தில் வேண்டாம், நேரில் பேசிக்கொள்வோம்’ என்று சட்டப் பிரிவினர் சொல்லிக்கொடுப்பது சும்மா இல்லை.

*

நோக்கியா கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கம்பெனிப் பேருந்தில் ஷிப்ட்டுக்குப் போய்வந்தார்கள். அந்தப் பேருந்துகளின் விதியை எழுதியது ஸ்ரீபெரும்புதூர் இல்லை. ஃபின்லாந்தின் எஸ்பூ நகரத்துத் தலைமை அலுவலகம், அங்கே சொல்லப்படாமல் போன வார்த்தைகள், பிறகு சென்னையிலும் டெல்லியிலும் கிளம்பிய வரித் தகராறு எல்லாம் சேர்ந்து எழுதின.

ஆல்டோ பல்கலைக்கழகத்தின் டிமோ வுயோரியும் இன்சியாட் நிறுவனத்தின் குய் ஹுயும் நோக்கியா சரிந்த விதத்தைப் பற்றி 76 பேரைப் பேட்டி கண்டு, 2016இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட அடிப்படை உணர்ச்சி பயம். மேல்மட்டத்துக்கு ஆப்பிளிடமும் பங்குதாரர்களிடமும் பயம். நடுமட்டத்துக்குத் தம் மேலதிகாரியிடம் பயம். மேலே இருந்தவர்கள் விரட்ட, கீழே இருந்தவர்கள் முடியும் முடியும் என்று தலையாட்டினார்கள். சிம்பியன் என்ற தங்கள் மென்பொருள் ஐபோனுக்கு ஈடுகொடுக்காது என்று உள்ளே பலருக்குத் தெரியும். மேலே போன செய்தி வேறு. அந்த ஆய்வில் ஓர் இடம் தமிழ் வாசகரைச் சுள்ளென்று தைக்கும். மேலதிகாரியின் முடிவை எதிர்த்துப் பேசேன் என்று ஒருவர் தூண்ட, சக அதிகாரி மறுத்தாராம். துணிச்சல் இல்லை, குடும்பமும் சின்னக் குழந்தைகளும் இருக்கின்றன என்றாராம். ‘நான் பிள்ளைகுட்டிக்காரன்’ என்பதை ஃபின்லாந்துக்காரரும் சொல்வார் போலிருக்கிறது!

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் எலாப் தலைமை நிர்வாகியாக வந்தார். 2011 பிப்ரவரியில் ஊழியர் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை தீப்பிடிக்க, நின்று சாவதா, உறைநீரில் குதிப்பதா என்று தவித்துக் கடைசியில் குதித்த மனிதனின் கதையோடு தொடங்கும் கடிதம். நாமும் எரியும் மேடையில்தான் நிற்கிறோம் என்றார். ஒளிவுமறைவில்லாத எழுத்துக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. சொன்னதில் பெரும்பகுதி உண்மையும்கூட.

அப்படியானால் ஏன் பலிக்கவில்லை? கடிதம் உடனே வெளியே கசிந்தது. சில நாளில், பிப்ரவரி 11ஆம் தேதி, இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மென்பொருள்தான் என்று அறிவித்தார்கள். விண்டோஸில் ஓடும் முதல் நோக்கியா கைபேசி கடைக்கு வர அந்த ஆண்டின் கடைசி ஆனது. நடுவில் இருந்த மாதங்களில், எரிகிறது என்று முதலாளியே சொன்ன சரக்கை வாங்கக் கடைக்காரர் தயங்காமல் என்ன செய்வார்? கசிவைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. கடிதம் மேலிருந்து கீழே வந்தது. பல ஆண்டுகளாகக் கீழிருந்து மேலே போயிருக்க வேண்டிய நூறு சின்னச் சின்னக் கடிதங்களின் வேலையை, மேலிருந்து விழும் ஒரே கடிதம் செய்துவிட முடியாது. உள்ளே இருந்தவர்களுக்கு அதில் புதுச் செய்தி ஏதும் இல்லை. அவர்கள் பயத்தில் விழுங்கியதைத்தான் எலாப் அவர்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டினார்.

2012 மே மாதம் இயக்குநர் குழுத் தலைவராக வந்த ரிஸ்டோ சிலாஸ்மா, குழுவுக்கென்று சில நடைமுறை விதிகளை எழுதிவைத்தார். கெட்ட செய்தி வந்து சேர்ந்தால் அதை நல்லதாக எண்ண வேண்டும், எந்தச் செய்தியும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கைபேசிப் பிரிவை விற்பது என்ற முடிவு அந்தக் குழுவிலிருந்து வந்தது. 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். சீமென்ஸுடன் கூட்டாக நடத்திவந்த தொலைத்தொடர்புக் கருவித் தொழிலை அதே ஆண்டு முழுதாக வாங்கிக்கொண்டார்கள். இன்று நோக்கியா என்ற நிறுவனம் உயிரோடு இருப்பது அந்தத் தொழிலால்.

ஸ்ரீபெரும்புதூர் அந்த விற்பனையில் சேரவில்லை. வரித் தகராறில் சிக்கியிருந்ததால் ஆலையைக் கைமாற்ற முடியவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது.

*

தொழிற்கூடத்தில் இந்தச் சங்கதி எப்போதோ பிடிபட்டுவிட்டது. டொயோட்டா ஆலைகளில் தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கும். குறை தெரிந்தால் இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடிவருவார், அங்கேயே தீராவிட்டால் வரிசை நிற்கும். இழுத்தவரை யாரும் திட்டக் கூடாது. ஜப்பானியருக்குத் தரம் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங் வகுத்த 14 அம்சங்களில் ஒன்று, வேலையிடத்திலிருந்து பயத்தைத் துரத்துவது. அவர் பெயரிலான விருதை 1998இல் இந்தியாவில் முதன்முதலாக வென்றது சென்னையின் சுந்தரம்-கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு. தொழிற்கூடத்தில் தொங்கும் கயிறு இயக்குநர் குழு அறையில் தொங்குவதில்லை என்பதுதான் விசித்திரம். ஒரு திருகு ஆடுகிறது என்றால் வரிசையை நிறுத்தலாம். உத்தியே ஆடுகிறது என்றால் கதவோரம் நின்று இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆலோசனைப் பெட்டி, பெயர் சொல்லாத கருத்துக் கணிப்பு என்றெல்லாம் நிறுவனங்கள் செய்துபார்க்கின்றன. பெயர் சொல்லாமல் சொன்னால்தான் பத்திரம் என்று ஊழியர் நினைக்கும் இடத்தில், அந்தப் பெட்டியே ஒரு சிவப்பு அட்டவணை. டியர்பார்னில் பெட்டி எதுவும் வைக்கவில்லை. சொன்னவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது; அவர் நாற்காலியும் பத்திரமாக இருந்தது. மார்க் ஃபீல்ட்ஸ் 2014 ஜூலையில் முலாலிக்குப் பிறகு ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஆனார். 2017 மே மாதம் அந்தப் பதவியை இழக்கவும் செய்தார். மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் செய்வதை நிறுத்தியது. கைதட்டல் ஒன்றின் பலன் என்றென்றைக்கும் வராது.

இதைப் படிப்பவர்களில் பலர் கூட்டம் நடத்தும் நாற்காலியில் இருப்பவர்கள். திங்கட்கிழமை கூட்டம் முடிந்த பிறகு யாராவது கதவோரம் தயங்கி நின்று, ‘சார், ஒரு சின்ன விஷயம்’ என்று ஆரம்பித்தால், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போனவர்களையும் திரும்பக் கூப்பிட்டு, அவரை உட்காரச் சொல்லுங்கள்.